ஆபத்தில் யாருடைய பங்கு எவ்வளவு? – வாசகர் கேள்வி பதில்

போர்முனைகளிலும் கொள்ளைநோய் பரவும் பகுதிகளிலும் நடக்கும் மருத்துவப் பணியைப் பற்றியும், அதை வழிநடத்துவோரைப் பற்றியும் வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டுள்ளோம்.

மருத்துவமனைகளைத் தாக்கக் கூடாது என்று ஜெனீவா ஒப்பந்தங்கள் சொல்கின்றன. ஆனால் இடிந்த மருத்துவமனைகளின் படங்களைத்தான் தொலைக்காட்சியில் அடிக்கடி பார்க்கிறோம். அந்தச் சட்டத்தால் என்ன பயன்? (சட்டக் கல்லூரி மாணவர்)

உங்கள் சலிப்பு நியாயமானது. 1859இல் சோல்ஃபெரினோ போர்க்களத்தில் கேட்பாரற்றுக் கிடந்த காயம்பட்ட வீரர்களைப் பார்த்த ஆன்றி துனானின் முயற்சியால் 1863இல் செஞ்சிலுவை இயக்கம் தோன்றியது. மறு ஆண்டே முதல் ஜெனீவா ஒப்பந்தம் கையெழுத்தானது. இப்போது நடைமுறையில் உள்ள 1949ஆம் ஆண்டு ஒப்பந்தங்களின்படி ஒரு மருத்துவமனை தன் பாதுகாப்பை இழப்பதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. மருத்துவப் பணிக்குப் புறம்பாக, எதிர்த்தரப்புக்குத் தீங்கு செய்யும் செயலுக்கு அந்த இடம் பயன்பட வேண்டும். அப்போதும் முன்கூட்டியே எச்சரித்து, உரிய அவகாசம் தந்து, அந்த எச்சரிக்கை புறக்கணிக்கப்பட்ட பிறகே அதன் மீது கை வைக்கலாம். காயம்பட்ட போராளி ஒருவர் உள்ளே சிகிச்சை பெறுகிறார் என்பது தாக்குதலுக்குக் காரணமாகாது. படித்தவர்களே இதைத் தவறாகப் புரிந்துகொண்டு பேசுவதால் சற்று அழுத்திச் சொல்கிறேன்.

சட்டம் எங்கே வழுக்குகிறது என்பதை 2015 அக்டோபர் 3 அன்று ஆப்கானிஸ்தானின் குந்தூஸ் நகரில் நடந்ததிலிருந்து பார்க்கலாம். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு நடத்திவந்த அறுவை சிகிச்சை மருத்துவமனையின் அமைவிடக் குறிப்புகள் அமெரிக்கப் படையிடம் முன்பே கொடுக்கப்பட்டிருந்தன. இருந்தும் அன்று அதிகாலையில் ஓர் அமெரிக்க விமானம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் அந்தக் கட்டடத்தைத் தாக்கியதில் நோயாளிகளும் ஊழியர்களும் துணைக்கு வந்திருந்தவர்களுமாக 42 பேர் இறந்தனர். விமானிகளுக்குத் தரப்பட்ட இலக்கு வேறொரு கட்டடம். அவர்களுடைய கருவி அந்த இலக்கை ஒரு வெற்று வயலில் காட்டியது. அதனால் வாய்மொழியாகச் சொல்லப்பட்ட வர்ணனைக்குப் பொருந்துவதாகக் கண்ணுக்குத் தெரிந்த பெரிய கட்டடத்தை அவர்கள் தேர்ந்துகொண்டனர். அமெரிக்க அதிபர் மன்னிப்புக் கேட்டார்; 16 பேர் மீது துறைரீதியான நடவடிக்கை எடுக்கப்பட்டது; குற்ற வழக்கு எதுவும் தொடரப்படவில்லை.

2016 மே 3 அன்று ஐ.நா. பாதுகாப்பு மன்றம், மருத்துவப் பணி மீதான தாக்குதல்களைக் கண்டித்து 2286ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. அந்தக் கூட்டத்தில் பேசிய எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் தலைவர் ஜோவான் லியூ, மன்றத்தின் ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளில் நான்கு, அதற்கு முந்தைய ஓராண்டில் மருத்துவமனைகளைத் தாக்கிய கூட்டணிகளோடு தொடர்புடையவை என்பதை அவர்கள் முகத்துக்கு நேரே சுட்டிக்காட்டினார். உலக சுகாதார நிறுவனமும் 2017 இறுதியிலிருந்து இத்தகைய தாக்குதல்களைப் பதிவு செய்துவருகிறது. ஆனால் தாக்கியவர் யார் என்பதை அந்தப் பதிவேடு குறிப்பதில்லை. உறுப்பு நாடுகளின் கோபத்துக்கு அஞ்சி வைத்த இடைவெளி இது என்பதே என் எண்ணம்.

இத்தனைக்குப் பிறகும் சட்டம் வேண்டும் என்கிறேன். சோதனைச் சாவடியில் நிற்கும் படைத் தளபதியிடம் ஆம்புலன்ஸை விடச் சொல்லிக் கெஞ்சாமல், கடமையைச் சுட்டிக்காட்டிப் பேசுவதற்கு ஒரு செவிலியருக்கு இருக்கும் ஒரே பிடி அதுதான்.

அப்படியானால் ஆயுதக் காவலோடு போவதுதானே புத்திசாலித்தனம்? (ஓய்வு பெற்ற காவல் துறை அலுவலர்)

உங்கள் அனுபவத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் இந்தத் துறையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் நேர்மாறான முடிவுக்கு வந்திருக்கிறார்கள். துப்பாக்கியோடு வரும் மருத்துவர், அந்தத் துப்பாக்கி எந்தத் தரப்புக்கு உரியதோ அந்தத் தரப்பின் ஆளாகிவிடுகிறார். எனவே ஊர் மக்களும் ஆயுதம் ஏந்திய தரப்புகளும் தங்கள் பணியை ஏற்றுக்கொள்ளும்படி செய்வதையே முதல் பாதுகாப்பாக இவர்கள் கருதுகிறார்கள்.

காங்கோவின் கிழக்குப் பகுதியில் 2018 முதல் 2020 வரை பரவிய எபோலா இதற்குக் கசப்பான சான்று. அங்கே 3,470 பேருக்கு நோய் கண்டது. 2,287 பேர் மாண்டனர். 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் கையில் இல்லாத தடுப்பூசி இம்முறை இருந்தது. பணமும் வந்து குவிந்தது. இல்லாமல் போனது நம்பிக்கை. பேனி நகரையும் அதைச் சுற்றிய ஊர்களையும் சேர்ந்த மக்கள் பல ஆண்டுகளாக ஆயுதக் குழுக்களின் கையில் வெட்டுண்டு செத்துக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்க்காத உலகம், எபோலா என்றதும் வரிசையாக வண்டிகளில் வந்து இறங்கியது. அதே காலத்தில் தட்டம்மை அந்த நாட்டில் 6,000க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். அதற்கு அந்த வண்டிகள் வரவில்லை. போதாக்குறைக்கு, எபோலாவைக் காரணம் காட்டி 2018 டிசம்பர் அதிபர் தேர்தலிலிருந்து பேனி, புத்தெம்போ பகுதிகள் விலக்கி வைக்கப்பட்டன. நோய் என்பதே அரசியல் சூழ்ச்சி என்று மக்கள் பேசத் தொடங்கியதில் வியப்பென்ன? அவர்கள் நடுவே குழுக்கள் ஆயுதக் காவலோடு போனபோது சந்தேகம் உறுதிப்பட்டது. 2019 பிப்ரவரியில் காத்வாவிலும் புத்தெம்போவிலும் இருந்த சிகிச்சை மையங்கள் தாக்கப்பட்டன. ஏப்ரல் 19 அன்று புத்தெம்போ பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்த கூட்டத்துக்குள் புகுந்தவர்கள், உலக சுகாதார நிறுவனம் அனுப்பியிருந்த காமரூன் நாட்டுத் தொற்றுநோயியல் நிபுணர் ரிஷார் முசோக்கோவைச் சுட்டுக் கொன்றனர்.

பாகிஸ்தானில் நம்பிக்கை வேறு வழியில் குலைந்தது. 2011இல் அபோட்டாபாத்தில் பின்லாடனைத் தேடுவதற்காக அமெரிக்க உளவுத்துறை ஒரு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி முகாமைப் போர்வையாகப் பயன்படுத்தியது. 2012 டிசம்பரில் போலியோ சொட்டு மருந்து கொடுக்கச் சென்ற ஊழியர்கள் வரிசையாகச் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களில் பலர் பெண்கள். தடுப்பூசித் திட்டங்களை இனி உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று வெள்ளை மாளிகை 2014இல் அறிவித்தது. தீர்மானித்தவர் ஒருவர், உயிர் கொடுத்தவர் வேறொருவர் என்ற கணக்கு இந்தத் துறை முழுவதிலும் திரும்பத் திரும்ப வரும்.

சில இடங்களில் ஆயுதக் காவல் தவிர்க்க முடியாததாகிவிடுகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பாகிஸ்தானின் பெஷாவரில் தொழுநோய் மருத்துவராகத் தொடங்கி, பிறகு ஆப்கானிஸ்தானில் வறட்சியே பெரிய நோய் என்று கண்டு, அங்குள்ள குனார் ஆற்றிலிருந்து 25 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாயை வெட்டி வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்த ஜப்பானியர் தெத்சு நகமுரா, ஊராரின் அன்பும் காவலர்களும் சூழவே பயணம் செய்தார். 2019 டிசம்பர் 4 அன்று ஜலாலாபாத்தில் அவரும் உடன்சென்ற ஐந்து ஆப்கானியரும் கொல்லப்பட்டனர். மக்களின் ஏற்பும் எல்லாச் சமயத்திலும் காப்பாற்றுவதில்லை.

சொட்டு மருந்து கொடுப்பதற்காகப் போரை நிறுத்துவார்கள் என்பது உண்மையா? (பள்ளி ஆசிரியை)

உண்மைதான். 1985இல் எல் சால்வடோரில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, யூனிசெஃப் தலைவர் ஜேம்ஸ் கிராண்ட் அதிபர் துவார்த்தேயிடம் பேசினார். கத்தோலிக்கத் திருச்சபையும் செஞ்சிலுவைச் சங்கமும் கெரில்லாக்களுடன் பேசின. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதற்காக மூன்று நாட்கள் துப்பாக்கிகள் ஓய்ந்தன. 1995இல் சூடானில் நரம்புச் சிலந்தி நோய் ஒழிப்புக்காக ஜிம்மி கார்ட்டர் பேசிப் பெற்ற போர்நிறுத்தம் ஏறக்குறைய ஆறு மாதம் நீடித்தது.

அண்மைக்கால உதாரணம் காசா. 2024 ஜூலையில் அங்கே கழிவுநீரில் போலியோ வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகஸ்டில் பத்து மாதக் குழந்தையொன்றுக்குப் பக்கவாதம் உறுதியானது. செப்டம்பர் 1 முதல் பகுதி பகுதியாக, பகலில் சில மணி நேரம் மட்டும் தாக்குதல் நிறுத்தப்பட, பத்து வயதுக்குட்பட்ட ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு முதல் சுற்றுச் சொட்டு மருந்து போய்ச் சேர்ந்தது. மின்சாரம் அற்றுப்போன இடத்தில் மருந்தைக் குளிரில் வைத்திருக்க வேண்டும். ஐஸ் கட்டிகள் நிரம்பிய பெட்டிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு இடிபாடுகளைத் தாண்டி நடக்க வேண்டும். ஒரே குழந்தை இருமுறை கணக்கில் வராமலிருக்கச் சுண்டுவிரலில் மை வைக்க வேண்டும். பேச்சுவார்த்தை மேசையில் கிடைத்த அந்தச் சில மணி நேரத்தைப் பயன்படுத்தத் தெரிந்த உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்கள் இருந்ததால்தான் அது நடந்தது.

இதைக் கேட்டதும், சொட்டு மருந்துக்கு நிறுத்தத் தெரிந்தவர்களுக்கு உணவுக்கும் அறுவை சிகிச்சைக்கும் நிறுத்தத் தெரியாதா என்று உங்கள் மாணவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும்.

உலகச் சுகாதாரத் தலைமை என்றால் ஜெனீவாவில் அமர்ந்து அறிக்கை விடுவதுதானா? உண்மையான தலைமைக்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள், டாக்டர். (மருத்துவ மாணவி)

ஜெனீவாவைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். சர்வதேச அவசர நிலையை அறிவிக்கும் அதிகாரம், 2007இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச சுகாதார ஒழுங்குமுறைகளின்படி, உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநரிடம்தான் இருக்கிறது. அந்த அதிகாரம் தாமதமாகப் பயன்பட்டால் என்ன நடக்கும் என்பதை 2014 காட்டியது. மேற்கு ஆப்பிரிக்காவில் நோய் கைமீறிவிட்டது என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு ஜூன் மாதமே எச்சரித்தது. அவசர நிலை அறிவிப்பு ஆகஸ்ட் 8 அன்றுதான் வந்தது. முடிவில் 28,000க்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டு, 11,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த அனுபவத்துக்குப் பிறகே, 2016இல், அவசர நிலைகளுக்கென்று தனிப் பிரிவு ஒன்று அந்த நிறுவனத்தில் அமைக்கப்பட்டது.

அதே 2014 ஜூலையில் நைஜீரியாவின் லாகோஸ் நகரில், லைபீரியாவிலிருந்து விமானத்தில் வந்து இறங்கிய ஒருவர் நோய்வாய்ப்பட்டு ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மலேரியா என்று நினைத்தே முதலில் சிகிச்சை நடந்தது. அங்கே மூத்த மருத்துவராக இருந்த அமேயோ அடடேவோ எபோலாவைச் சந்தேகித்து, அவரை வெளியே விடச் சொல்லி லைபீரிய அதிகாரிகள் தந்த நெருக்கடிக்கு மசியாமல், மருத்துவமனைக்குள்ளேயே நிறுத்தி வைத்தார். நைஜீரியாவில் மொத்தம் 20 பேரோடு நோய் நின்றது. எட்டுப் பேர் இறந்தனர். அந்த எட்டில் அடடேவோவும் ஒருவர். ஆகஸ்ட் 19 அன்று காலமானார். ஒன்றரைக் கோடியைத் தாண்டிய மக்கள்தொகை கொண்ட அந்த நகரில் அந்த நோயாளி வெளியே நடமாடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் நீங்கள் ஓர் உதாரணம் கேட்டதால், எனக்கு நெருக்கமானதைச் சொல்கிறேன். 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகளிடையே காலரா பரவியது. மேற்கு வங்கத்தின் பொன்கான் மருத்துவமனையில் பணியில் அமர்ந்த திலீப் மகாலானபிஸ் உள்ளே நுழைந்தபோது நோயாளிகள் தரை முழுவதும் கிடந்தனர். அவர்களுக்குச் சலைன் ஏற்ற, மலத்திலும் வாந்தியிலும் மண்டியிட வேண்டியிருந்தது. சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டே வந்தன. அவற்றை ஏற்றத் தெரிந்த கைகளும் போதவில்லை. ஒரு லிட்டர் நீரில் 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடியம் பைகார்பனேட் கலந்து வாய்வழியாகக் கொடுக்கலாம் என்பது ஆய்வுக்கூடங்களில் தெரிந்த விஷயம்தான். ஆனால் மருத்துவர் பக்கத்தில் இல்லாமல் அதைக் கொடுக்கலாம் என்று துணிந்து சொல்ல அன்று யாருமில்லை. அவர் துணிந்தார். கரைசலைப் பெரிய டிரம்களில் நிரப்பிக் குழாய் வைத்தார். தாய்மாரும் உறவினரும் குவளையில் பிடித்துத் தங்கள் நோயாளிகளுக்குத் தாங்களே புகட்டினர். 30 விழுக்காடு வரை இருந்த இறப்பு, அவருடைய பராமரிப்பில் இருந்தவர்களிடையே 3.6 விழுக்காடாகக் குறைந்தது. மருத்துவ உலகம் உடனே நம்பவில்லை. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த திமான் பருவா நேரில் வந்து பார்த்து, அதை உலகெங்கும் எடுத்துச் சென்றார். களத்தில் ஒருவர் முடிவெடுக்க, மேலிடத்தில் ஒருவர் அதைக் காது கொடுத்துக் கேட்டதால் இது சாத்தியமாயிற்று. இரண்டில் எது இல்லாவிட்டாலும் அந்த டிரம் பொன்கானிலேயே நின்றிருக்கும்.

நடுநிலை என்ற பெயரில் அநியாயத்தைப் பார்த்தும் வாய் திறக்காமல் இருக்கலாமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

நடுநிலைக்கும் மௌனத்துக்கும் வேறுபாடு உண்டு. ஆனால் எல்லை எங்கே என்பதில் இத்துறையினரிடையே ஒருமித்த கருத்து இல்லை. செஞ்சிலுவைச் சங்கம், தான் கண்டதைச் சம்பந்தப்பட்ட தரப்பிடம் தனியாகச் சொல்லும்; வெளியே சொல்லாது. அதனால்தான் வேறு யாரும் நுழைய முடியாத சிறைகளுக்குள் அதன் பிரதிநிதிகள் போக முடிகிறது. இதே வழக்கத்தால் 1942இல் யூதர்களுக்கு நேர்ந்துகொண்டிருந்ததை அறிந்தும் அது பகிரங்கமாகக் குரல் கொடுக்காமல் இருந்துவிட்டது. பிற்காலத்தில் அதைத் தன் பெரும் தோல்வி என்று ஒப்புக்கொண்டது. நைஜீரியாவில் நடந்த பியாஃப்ரா போரில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர்கள் சிலர் இந்த வாய்ப்பூட்டைச் சகிக்காமல், பத்திரிகையாளர்களோடு சேர்ந்து 1971இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பைத் தொடங்கினர்.

பேசினால் விலை உண்டு. பேசியதாகச் சந்தேகம் எழுந்தாலே போதும்: 2009இல் சூடான் அதிபர் பஷீருக்குச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்ததும், 13 வெளிநாட்டுத் தொண்டு அமைப்புகளை அந்நாடு வெளியேற்றியது. அதனால் சிகிச்சை இழந்தவர்கள் டார்ஃபூர் முகாம்களில் இருந்தவர்கள். எனவே ஓர் அமைப்பு பேசும் முன், அந்த ஊரில் தொடர்ந்து வாழப்போகிறவர்களைக் கேட்டுவிட்டுப் பேச வேண்டும் என்பதே என் கருத்து.

நிவாரணப் பணியாளர் என்றாலே வெளிநாட்டவர் முகம்தான் நினைவுக்கு வருகிறது. உயிரிழப்பவர்களும் அவர்கள்தானா? (வங்கி ஊழியர்)

இல்லை. 2024இல் உலகெங்கும் 383 மனிதாபிமானப் பணியாளர்கள் கொல்லப்பட்டனர் என்று ஐ.நா. தெரிவித்தது, அதுவரை எந்த ஆண்டிலும் காணாத எண்ணிக்கை அது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தந்த நாட்டைச் சேர்ந்தவர்கள்: ஓட்டுநர்கள், செவிலியர்கள், கிடங்குக் காவலர்கள், மொழிபெயர்ப்பாளர்கள். 2003 ஆகஸ்ட் 19 அன்று பாக்தாத்தின் கெனால் ஹோட்டலில் குண்டு வெடித்து, ஐ.நா. தூதர் செர்ஜியோ வியேரா டி மெல்லோ உட்பட 22 பேர் இறந்த நாளை உலக மனிதாபிமான தினமாக அனுசரிக்கிறோம். 2006 ஆகஸ்ட் 4 அன்று இலங்கையின் மூதூரில், பட்டினிக்கு எதிரான பிரெஞ்சுத் தொண்டு அமைப்பின் அலுவலக வளாகத்தில் 17 உள்ளூர்ப் பணியாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? சுனாமிக்குப் பிறகு குடிநீரும் சுகாதாரமும் கிடைக்க உழைத்தவர்கள் அவர்கள். அந்தக் கொலைகளுக்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

நிலைமை மோசமானதும் வெளிநாட்டு அலுவலர்களை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டு, திட்டத்தைத் தொலைபேசி வழியாக உள்ளூர்க்காரர்களைக் கொண்டு நடத்துவது இப்போது பரவலாகிவிட்டது. காப்பீடும் ஊதியமும் பயிற்சியும் இரு சாராருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. இதைப் பாதுகாப்பு ஏற்பாடு என்று அறிக்கைகள் சொல்கின்றன. ஆபத்தை அடுத்தவர் தோளுக்கு மாற்றும் ஏற்பாடு என்றே நான் சொல்வேன்.

உதவ வந்தவர்களே தீங்கு செய்தால்? (இல்லத்தரசி)

செய்திருக்கிறார்கள். நான் மேலே சொன்ன அதே காங்கோ எபோலாப் பணியின்போது, வேலை தருவதாகச் சொல்லிப் பெண்களைப் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாக்கியதாக எழுந்த புகார்களை ஒரு சுதந்திர ஆணையம் விசாரித்தது. 2021 செப்டம்பரில் வெளிவந்த அதன் அறிக்கை, குற்றம் சாட்டப்பட்ட 83 பேரில் 21 பேர் உலக சுகாதார நிறுவனத்தில் பணியாற்றியவர்கள் என்றது. ஹெயிட்டியில் 2010இல் ஐ.நா. அமைதிப் படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்ததால் காலரா பரவி, ஏறக்குறைய 10,000 பேர் இறந்தனர், ஐ.நா. பொதுச்செயலர் மன்னிப்புக் கேட்க 2016 டிசம்பர் ஆயிற்று. அபாயமான இடங்களில் புகார் சொல்ல வழியில்லாததே இத்தகையோருக்குத் துணிவு தருகிறது. புகார் கொடுத்த பெண்ணுக்குப் பாதுகாப்பளிக்கும் ஏற்பாடு இல்லாமல் பணியைத் தொடங்கக் கூடாது.

செவிலியரான என் மகள் இத்தகைய பணிக்குப் போக வேண்டும் என்கிறாள். தடுக்கவும் மனமில்லை, அனுப்பவும் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம், ஐயா? (ஒரு தந்தை)

உங்கள் பயத்தை மகளிடம் மறைக்க வேண்டாம். அதே சமயம், போகலாமா என்று நீங்கள் இருவரும் விவாதிப்பதைவிட, அழைக்கும் அமைப்பிடம் எழுத்தில் சில விவரங்களைக் கேட்டு வாங்குவது அதிகம் உதவும். சுமையான பாதுகாப்பு உடையில் தொடர்ச்சியாக எவ்வளவு நேரம் பணி தருவார்கள்? வெப்பமான இடங்களில் அந்த உடைக்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்பதே கடினம்; களைப்பில் உடையைக் கழற்றும்போதுதான் எபோலா பணியாளர்களுக்குத் தொற்றும் அபாயம் கூடுகிறது. காயமோ நோயோ கடத்தலோ நேர்ந்தால் மீட்பது யார் பொறுப்பு, காப்பீடு எதையெல்லாம் உள்ளடக்கும், திரும்பி வந்த பின் மனநல ஆலோசனை உண்டா என்பனவும் தெரிய வேண்டும். இவை வெறும் நல்லெண்ண வாக்குறுதிகளாக நிற்க வேண்டியதில்லை. கென்யாவின் தடாப் அகதிகள் முகாமில் 2012இல் கடத்தப்பட்ட பணியாளர் ஒருவர் தொடுத்த வழக்கில், நார்வே அகதிகள் கவுன்சில் கடுமையான அலட்சியம் காட்டியது என்று ஆஸ்லோ நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்து இழப்பீடும் வழங்கியது.

முதல் பணிக்கே போர்முனையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். தடுப்பூசித் திட்டத்திலோ பேரிடர் முகாமிலோ ஓரிரு ஆண்டுகள் பழகி, பிரெஞ்சோ அரபியோ ஓரளவு கற்றுக்கொண்டு போகிறவர் அங்கே பாரமாக இருப்பதில்லை. இன்னொன்றையும் அவள் கேட்கட்டும்: நிலைமை கெட்டு எல்லோரும் வெளியேற வேண்டி வந்தால், அவளோடு பணியாற்றும் உள்ளூர்ச் செவிலியருக்கும் ஓட்டுநருக்கும் என்ன ஏற்பாடு? அதற்குத் தெளிவான பதில் தராத அமைப்பின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம்.